தராசில் பிழையா, வலையில் மீன் குறைவா?

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விடியற்காலை. பலநாள் படகொன்று கரைக்கு வந்து சூரை மீனை நிறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போன முறை இதே ஆட்கள் இதே அளவு நாட்கள் கடலில் நின்று 800 கிலோ கொண்டுவந்தார்கள். இந்த முறை 500 தான். "தராசு குறைச்சுக் காட்டுது அண்ணன்" என்கிறார் ஒருவர். சோதித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி, நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ குறைவாகத்தான் காட்டுகிறது. ஆனால் போன முறை நிறுத்ததும் இதே தராசில்தான். அன்றைக்கும் நூற்றுக்கு ஐந்து குறைந்துதான் இருக்கும். அப்படியானால் 800 ஏன் 500 ஆனது?

பொருளியலாளர்கள் பல வருடங்களாக வாதாடும் ஒரு பெரிய கேள்வி ஏறக்குறைய இதே வடிவத்தில் இருக்கிறது. ஒரு மணித்தியால உழைப்பில் எவ்வளவு பொருளும் சேவையும் கிடைக்கின்றன என்பதே உற்பத்தித்திறன். அமெரிக்காவில் இது 1995 முதல் 2004 வரை வருடத்துக்குச் சராசரியாக 2.8 வீதமளவில் வளர்ந்தது. அடுத்த பத்து வருடங்களில் அந்த வேகம் 1.3 வீதமளவுக்கு இறங்கியது. ஸ்மார்ட்போன், கூகுள் வரைபடம், பேஸ்புக் எல்லாம் பரவிய காலம் அது. இவ்வளவு புதுமை வந்தும் வளர்ச்சி எப்படிக் குறையும்? அளக்கிறவர்கள்தான் எதையோ தவறவிடுகிறார்கள் என்றது ஒரு தரப்பு.

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. உற்பத்தியை யாரும் நேரடியாக எண்ணுவதில்லை. மக்கள் செலவழித்த பணத்தை எடுத்து, விலைவாசி எவ்வளவு ஏறியது என்ற சுட்டெண்ணால் வகுக்கிறார்கள். விலையேற்றத்தைக் கூடுதலாக மதிப்பிட்டால் வளர்ச்சி குறைவாகத் தெரியும். புதுப் பொருள் வரும்போதும் பழைய பொருளின் தரம் உயரும்போதும் இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்க நுகர்வோர் விலைச் சுட்டெண் வருடத்துக்கு 1.1 சதவீதப் புள்ளி கூடுதலாகக் காட்டுகிறது என்று அதை ஆராய அமைத்த பொஸ்கின் ஆணைக்குழு 1996ல் கணித்தது. சின்னப் பிழை இல்லை அது.

போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலைக் கடைத்தெருவில் 36 படம் எடுக்கிற பிலிம் றோல் வாங்கி, கோணேசர் கோயில் தேரை எண்ணி எண்ணிப் படம்பிடித்து, ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்துக் காத்திருந்த காலம் உண்டு. பிலிமுக்கும் கழுவுவதற்கும் கொடுத்த காசு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்ந்தது. இன்றைக்கு நிலாவெளிக் கடற்கரையில் ஒருவர் ஒரே மாலையில் இருநூறு படம் எடுக்கிறார். போன் வாங்கிய செலவு கணக்கில் வரும், அந்த இருநூறு படங்கள் எங்கேயும் வராது. மக்களுக்குக் கிடைத்தது பெருகியிருக்கிறது, புள்ளிவிபரத்தில் பிலிம் வியாபாரம் காணாமல் போயிருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலரும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். திருகோணமலைப் பக்கத்தையும் கிண்ணியாவையும் இணைக்கும் கிண்ணியாப் பாலம் 2009ல் திறக்கும் முன்பு இடையிலுள்ள நீரைக் கடக்கப் படகுப்பாதைக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. பாலம் வந்ததும் நெல் ஏற்றும் லொறி ஒரே நாளில் கூடுதல் நடை போகலாம். அந்த லாபம் கணக்கில் விழும், ஏனென்றால் நடைக்குக் கூலி உண்டு. வைத்தியசாலைக்குப் போகும் ஒரு தாய்க்கு மிச்சமான நேரம் எந்த ஏட்டிலும் ஏறாது. அதன் பெறுமதி எனக்கு லொறியின் கூலியை விடக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது சந்தையில் விலைபோனதன் கணக்கு, வாழ்வின் நலத்துக்கான கணக்கு அல்ல. இலவச இணையத்தின் பயனில் பெரும்பகுதி அந்தத் தாயின் நேரத்தைப் போன்றது. அப்புறம், இலவசம் புதிதும் இல்லை. 1950களில் அமெரிக்க வீடுகளுக்குள் வந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் விளம்பரக் காசில் இலவசமாகத்தான் வந்தன.

போன் உண்மையிலேயே உற்பத்தியைக் கூட்டும் இடத்தில் அது எண்களில் தெரியத்தான் செய்கிறது. 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கரையோரம் கைப்பேசிச் சேவை வந்தபோது நடந்ததைப் பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் நல்ல விலை என்று கேட்டு அங்கே படகை விட்டார்கள். வாங்க ஆளில்லாமல் சாளையைக் கொட்டுவது ஏறத்தாழ நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 வீதம் ஏறியது, வாங்குவோருக்கு விலை 4 வீதம் இறங்கியது.

ஆக, அளவுகோலில் பிழை உண்டு என்பதில் சண்டை இல்லை. 2004க்குப் பிறகு அந்தப் பிழை திடீரென்று பெருத்ததா என்பதே கேள்வி. பொருளியலாளர் சாட் சிவர்சன் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பழைய வேகம் தொடர்ந்திருந்தால் 2015ல் அமெரிக்காவின் உற்பத்தி சுமார் 2.7 டிரில்லியன் டொலர் கூடுதலாக இருந்திருக்கும். 32 கோடிப் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 8,400 டொலர். இணையத்தின் கணக்கில் வராத பயனைப் பற்றிய மதிப்பீடுகள் இந்தத் தொகையை எட்டவே இல்லை. இதே தளர்ச்சி வேறு பல வளர்ந்த நாடுகளிலும் வந்தது, ஆனால் தகவல் தொழில்நுட்பம் அதிகம் புழங்கிய நாட்டில் அதிகம், குறைவாகப் புழங்கிய நாட்டில் குறைவு என்ற ஒழுங்கு அதில் இல்லை. எண்ணாமல் விட்ட இணையப் பயன்தான் காரணமென்றால் அந்த ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது சேவைத்துறை பற்றியது. அரசுப் பாடசாலையும் அரசு வைத்தியசாலையும் தரும் சேவைக்குச் சந்தை விலை இல்லை, அதனால் அதை நடத்த ஆன செலவையே அதன் உற்பத்தியாக எழுதுகிறார்கள். ஆசிரியர் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் எண் அசையாது. இப்படி அளக்கக் கடினமான துறைகளின் பங்கு பெருகினால் மொத்தப் பிழையும் பெருகும். ஆனால் அந்த மாற்றம் மெல்ல மெல்ல நடப்பது. ஓரிரு வருடங்களுக்குள் பாதியாக விழுந்த வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

பைர்ன், ஃபெர்னால்ட், ரைன்ஸ்டோர்ஃப் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2016ல் கண்டது அளவுப் பிழைதான் காரணம் என்போருக்கு இன்னும் பாதகமானது. கணினிப் பொருட்களின் விலைச் சுட்டெண்ணை அவர்கள் திருத்திப் பார்த்தார்கள். அமெரிக்கா அவற்றை உள்நாட்டில் அதிகம் உற்பத்தி செய்தது முந்தைய காலத்தில்தான், அதனால் அளவுப் பிழையும் அப்போதுதான் பெரிதாக இருந்தது. திருத்தியதும் 1995–2004 வளர்ச்சி மேலும் உயர்ந்தது, பின்னால் வந்த சரிவு சற்று ஆழமாகியது. தளர்ச்சி தொடங்கியதும் 2008 நிதி நெருக்கடிக்கு முன்பே. தகவல் தொழில்நுட்பத்தை உருவாக்கும் துறைகளிலும், அதை அதிகம் பாவித்து முன்பு வேகமாக வளர்ந்த துறைகளிலும்தான் அது முதலில் தெரிந்தது.