டிரம் மெஷினில் துளை போடுவதற்கு முன்

டிரம் ஒலிகளை மின்சுற்றாலேயே உருவாக்கும் பழைய அனலாக் டிரம் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கிக் (பாஸ் டிரம் அடி) மெலிந்து கேட்கிறது, ஏதாவது மாற்றம் செய்து கனமாக்கித் தர முடியுமா?" முடியும். ஆனால் மூடியைக் கழற்றிப் பார்த்தால், பலவற்றுக்கும் வேண்டியது வெறும் பழுதுபார்ப்புதான்.

உதாரணத்துக்கு, ரோலண்ட் நிறுவனத்தின் டிரம் மெஷினான டிஆர்-808 1980-இல் வந்தது. 1983-இல் தயாரிப்பு நின்றது. அன்று போட்ட எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் (உள்ளே ஈரமான மின்பகு பொருள் கொண்ட மின்தேக்கிகள்) இத்தனை ஆண்டுகளில் உள்ளே உலர்ந்து போயிருக்கும். ஒலி போகும் வழியில் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று 10 கிலோ ஓம் சுமையைச் சந்திக்கிறது என்று வையுங்கள். அது 16 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலியைக் குறைக்கும். அதே கெபாசிட்டர் 0.2-ஆகத் தேய்ந்துவிட்டால் அந்த எல்லை 80 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கிக்கின் 50 ஹெர்ட்ஸ் பாதியாகிவிடும். சில ரூபாய் சமாச்சாரம் இது. இதைச் செய்யாமல் வேறெதைச் செய்தாலும் வீண்.

அதற்காகக் கண்ணில் பட்ட கெபாசிட்டரையெல்லாம் பிடுங்காதீர்கள். சுருதியை நிர்ணயிக்கும் ஃபிலிம் கெபாசிட்டர்கள் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. இரைச்சல் தரும் டிரான்சிஸ்டரையும் தொட வேண்டாம். 808-இல் அது இரைச்சலுக்காகவே பொறுக்கி எடுத்துப் போட்டது. "நல்ல" டிரான்சிஸ்டர் வாங்கி மாட்டினால் ஸ்னேர் டிரமின் சரசரப்பும் கைத்தட்டலும் களையிழந்துவிடும்.

இத்தனையும் சரியான பிறகு மாற்றத்துக்கு வருவோம். 808-இன் பாஸ் டிரமுக்கு டோன் (ஒலியின் தன்மை), டிகே (அடி ஓய எடுக்கும் நேரம், அதாவது நீட்சி) குமிழ்கள் உண்டு, சுருதிக் குமிழ் கிடையாது. அந்த ஒலி பிறப்பது இரண்டு கெபாசிட்டர்களும் இரண்டு ரெசிஸ்டர்களும் கொண்ட 'பிரிட்ஜ்டு-டி' சுற்றில். அதில் கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரை மாற்றினால் சுருதி நகரும், நீட்சி ஏறக்குறைய அப்படியே நிற்கும். அடி விழும் முதல் சில மில்லி விநாடிகளுக்கு ரோலண்டின் சர்க்யூட்டே அந்த ரெசிஸ்டன்ஸைக் குறைத்துச் சுருதியை ஏற்றுகிறது. அந்தக் குத்து அப்படித்தான் வருகிறது. கெபாசிட்டரை மாற்றினாலோ சுருதி, நீட்சி இரண்டும் சேர்ந்தே மாறும். இரண்டு கெபாசிட்டர்களையும் இருமடங்காக்கினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும்.

டிகேயை நீட்டுவதில்தான் பலர் கைவரிசை காட்டுகிறார்கள். வெளிவரும் ஒலியை மறுபடி உள்ளே அனுப்பும் பின்னூட்டம் அளவு மீறினால் அடி ஓயாது. நிற்காத ரீங்காரமாகி ஸ்பீக்கரைப் பதம் பார்க்கும். புதிய குமிழோடு தொடராக ஒரு நிலையான ரெசிஸ்டரைப் போட்டு, முழுக்கத் திருப்பினாலும் அடி அடங்கும்படி வரம்பு வையுங்கள்.

புதிய குமிழுக்காகப் பெட்டியில் துளை போடுவதை என்னிடம் கேட்டால் மறுத்துவிடுவேன். 808 மொத்தமே சுமார் 12,000 தான் தயாரானது. போட்ட துளையை அடைக்க முடியாது. கழற்றிய பாகங்களை உறையிலிட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி, மெஷினோடு கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக மின்சாரம். ஜப்பான் சந்தைக்கு விற்ற 808 100 வோல்ட்டுக்கானது. பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாகவே இணையுங்கள். மூடியைத் திறக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.