அந்த அக்காவுக்கு வேலை கள்ளம் இல்ல, கொவிட் வந்துட்டுப் போன உடம்பு அது

"கொவிட்டா? அது இன்னும் இருக்கா டொக்டர்?" இந்தக் கேள்விய கிளினிக்ல கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. இருக்கு, போகல. 2023 மே 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் முடிஞ்சுதுன்னு சொன்னது அவசரநிலைய மட்டும்தான், நோய் இன்னும் இருக்குன்னு அன்னைக்கே சேர்த்துத்தான் சொன்னாங்க, நம்மாளுங்க முன்பாதிய மட்டும் கேட்டுட்டு மாஸ்க்க கழட்டி வீசிட்டாங்க. கோவிச்சுக்கவும் முடியல, 2022ல பெற்றோல் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, கோதுமை மா விலைய கேட்டாலே தலை சுத்துச்சு, அந்த நேரத்துல கொவிட்ட நினைக்க யாருக்குத் தெம்பு இருந்துச்சு? இலங்கையில கொவிட்டால 16,000க்கு மேல செத்துப் போனதா கணக்கு இருக்கு. பிழைச்சு வந்தும் இன்னும் எழும்ப முடியாம கிடக்கிறவங்களுக்குக் கணக்கே இல்ல. இந்த வாரமும் அப்படி ஒருத்தங்க வந்தாங்க, அதுக்கு மேல எழுதாம இருக்க முடியல.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அக்கா, நாப்பது வயசு கூட ஆகல (ஆள் தெரியக் கூடாதுன்னு சில விசயத்த மாத்தியிருக்கேன்). முழுப்பேரு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கான கொழுந்து, தவறாம எடுத்தவங்க. போன மழைக் காலத்துல வீட்டுல எல்லாருக்கும் காய்ச்சல், இருமல், கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சாங்க, பனடோல் போட்டாங்க, மத்தவங்க எல்லாம் எழும்பிட்டாங்க, இவங்க மட்டும் எழும்பல. பெரட்டுக்கு (காலையில வேலை பிரிச்சுக் குடுக்கிற இடம்) போறாங்க, மலை ஏறும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குது, பத்து மணிக்கு மேல கண்ண இருட்டுது, நிறுக்கிறப்ப கிலோ பத்தல, அரைப்பேருதான் விழுது. அடுத்த ரெண்டு நாள் படுத்த படுக்கை. கங்காணி "வேலை கள்ளம்"ங்கிறாராம், மாமியார் "நடிப்பு"ங்கிறாங்களாம். ரத்தம், எக்ஸ்ரே, சளி, ஈசிஜி எல்லாம் பார்த்தாச்சு. ரத்தசோகை இல்ல, சீனி இல்ல, தைரொயிட் இல்ல, டீபி இல்ல. "ரிப்போட் எல்லாம் நல்லா இருக்கு, மனச திடமா வச்சுக்கங்க"ன்னு அனுப்பியிருக்காங்க.

நான் செஞ்ச டெஸ்டுக்குப் பெரிய மெசின் எதுவும் வேணாம். பத்து நிமிசம் படுக்க வச்சு நாடி பார்த்தேன், 76. எழும்பி, எதுலயும் சாயாம நில்லுங்கன்னேன். பத்தாவது நிமிசம் 114. பிரசர் இறங்கல. உதடு வெளுத்து, கை நடுங்கி, மேசைய பிடிச்சுக்கிட்டாங்க. இப்படி நிக்கும்போது நாடி 30க்கு மேல ஏறி, அது மாசக்கணக்கா இருந்து, வேற காரணமும் கிடைக்காட்டி அதுக்கு பொட்ஸ்னு பேரு, கொவிட்டுக்கு அப்புறம் வர்றது தெரிஞ்ச விசயம். கூட வேலை செய்ற இளம் டொக்டர்மாருக்கும் தோட்ட டிஸ்பென்சரிகள்ல இருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை: படுத்த படுக்கையில எடுத்த ஈசிஜிய மட்டும் பார்த்துட்டு நார்மல்னு எழுதாதீங்க, தயவு செஞ்சு நிக்க வச்சுப் பாருங்க, ஒரு மணிக்கூடு இருந்தா போதும்.

கொவிட்டுக்கு அப்புறம் இப்படி இழுத்துக்கிட்டே இருக்கிறத லாங் கொவிட்னு சொல்றோம். தொற்று வந்து மூணு மாசத்துக்குள்ள தலைகாட்டி, ரெண்டு மாசத்துக்குக் குறையாம இழுத்து, வேற நோயால விளக்க முடியாதது. கொவிட் வந்த 100 பேர்ல ஏறக்குறைய 6 பேருக்கு வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. லேசா வந்துட்டுப் போனவங்களுக்கும் வரும், ரெண்டாவது மூணாவது தடவையிலயும் வரும்.

இப்ப எனக்கு ரொம்பக் கோவம் வர்ற விசயத்துக்கு வாறேன். "படுத்தா படுத்துக்கிட்டேதான் இருப்ப, எழும்பி நாலு நாள் வேர்க்க வேலை செஞ்சா சரியாயிரும்." இத மாமியார் சொல்றாங்க, கங்காணி சொல்றாரு, படிச்ச டீச்சர்மார் சொல்றாங்க, சில டொக்டர்மாரும் சொல்றாங்க. சரியாகாது! சாதாரண அலுப்புன்னா ஒரு ராத்திரி தூங்கினா தெளியும். இது தெளியாது, அதுலயும் இது உடனே காட்டாது. இன்னைக்கு உடம்ப வளைச்சு வேலை செஞ்சா இன்னைக்கு ஒண்ணும் தெரியாது, பன்னெண்டு மணித்தியாலம், ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுத்தான் அடிச்சுப் போடும், அப்புறம் நாள் கணக்கா எழும்ப ஏலாது. வட்டிக்கு வாங்கின காசு மாதிரி, செலவழிக்கிறப்ப தெரியாது, கட்டுறப்பதான் தெரியும். அதனாலதான் யாருமே ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறதில்ல. திங்கக்கிழமை முழுப்பேரு எடுத்தாளே, புதன்கிழமை மட்டும் எப்படி ஏலாமப் போச்சுன்னு கேக்கிறாங்க. திங்கக்கிழமை எடுத்ததாலதான் புதன்கிழமை ஏலாமப் போச்சு!

இது மனப்பிரமையும் இல்ல. நெதர்லாந்துல ஆம்ஸ்டர்டாம்ல லாங் கொவிட் ஆட்கள சைக்கிள் மிதிக்க வச்சு, முன்னாடியும் மறுநாளும் தொடையில சின்னத் துண்டு தசை எடுத்துப் பார்த்தாங்க, 2024ல வெளிவந்த ஆய்வு. மிதிச்சதுக்கு அப்புறம் தசை நார்கள் சேதமாகியிருந்துச்சு, தசைக்குச் சக்தி தயாரிக்கிற பகுதி சரியா வேலை செய்யல. இதுக்கு மேலயும் ஒரு ஆள "ஓடு, குனி, ஏறு"ன்னு விரட்டினா அது வைத்தியம் இல்ல, கொடுமை.

அடுத்தது கொவிட் தடுப்பூசி. "அந்த ஊசி போட்டதுல இருந்துதான் டொக்டர்"ன்னு எல்லாத்துக்கும் ஒரே காரணம், முழங்கால் வலிக்கும் அதுதான், முடி கொட்டுறதுக்கும் அதுதான். ஊசிக்கும் பக்க விளைவு இருக்கு, மறைக்கல, சிலருக்கு இதயத் தசை வீக்கம், சிலருக்கு ரத்தக்கட்டி, ரொம்ப அபூர்வமா. ஆனா பொதுவா கொவிட்டே அதையெல்லாம் அதைவிடக் கூடுதலாக் கொண்டு வருது, ஊசி போட்டவங்களுக்கு லாங் கொவிட் வர்றதும் குறைவு. 2021ல போட்ட ஊசிய சந்தேகப்படுறீங்க, போன மழையில வீடு முழுக்கப் படுத்த காய்ச்சல ஏன் யாருமே சந்தேகப்படல?

இனி செய்ய வேண்டியது. லயத்துக் காம்பராவுல (தோட்டத்து வரிசை வீட்டு அறை) ஏழெட்டுப் பேர், ஒரே கதவு, குளிருக்கு அதையும் சாத்தி, உள்ளுக்கே விறகு அடுப்பு. இருமுற ஆள் உள்ள இருந்தா பகல்லயாவது கதவத் திறந்து வைங்க, குளிரும்தான், கம்பளிய சுத்திக்கங்க. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத் திருவிழாவுக்கும் கொழும்புல இருந்து வர்ற பிள்ளைங்க தடுமல் காய்ச்சலோட நேரா ஆச்சி மடியில போய் விழாதீங்க, ரெண்டு மூணு நாள் தள்ளி இருங்க, மாஸ்க் போடுங்க, அத தாடைக்கு இறக்காம மூக்க மூடிப் போடுங்க. சீனி, பிரசர் இருக்கவங்க காய்ச்சல்னு சொல்லி கிளினிக் மருந்த நிப்பாட்டாதீங்க. கொவிட் வந்துட்டுப் போன மாசங்கள்ல மாரடைப்பும் பாரிசவாதமும் வர்ற வாய்ப்பு கூட, அதனால நெஞ்சு இறுக்கம், வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுந்தா கசாயம் காய்ச்சிக்கிட்டு நிக்காதீங்க, 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் இலவசம்.

காய்ச்சல் விட்டவுடனே மலைக்கு ஏறாதீங்கன்னு சொல்றது எனக்கு லேசு. நாள் சம்பளக்காரிக்கு நான் எழுதிக் குடுக்கிற மெடிக்கல் சோறு போடாதுன்னும் தெரியும். அதனால வெளிக்கள உத்தியோகத்தர்மார், கங்காணிமார், தோட்டத் தலைவர்மார்கிட்ட கெஞ்சிக் கேக்கிறேன், அப்படிப்பட்ட ஆளுக்குக் கொஞ்ச காலம் சரிவு ஏறாத வேலை குடுங்க, நர்சரியில உக்கார்ந்து செய்ற வேலை, பிள்ளைக்காம்பராவுக்கு (பிள்ளைங்கள பார்த்துக்கிற இடம்) ஒரு கை உதவி, ஏதாவது. புருசன்மாரே, தண்ணிக் குடத்த நீங்க தூக்குங்க, விறகு கொத்துறதையும் உடுப்பு துவைக்கிறதையும் ஒரே நாள்ல அவங்க தலையில கட்டாதீங்க.

எல்லாக் களைப்பும் கொவிட்தான்னு நினைச்சுக்கிட்டு வீட்டுல இருந்துறவும் வேணாம். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா முதல்ல டீபிக்கான சளி டெஸ்ட், அதுவும் இலவசம்தான். பொம்பளைங்களுக்கு ரத்தம் எவ்வளவு இருக்குன்னு கட்டாயம் பார்க்கணும். கிளினிக்குக்கு வரும்போது பழைய ரிப்போட் எல்லாத்தையும் கொண்டு வாங்க, கூடவே ஒரு கொப்பித் தாள்ல ரெண்டு வாரத்துக்கு எழுதிக்கிட்டு வாங்க: எந்த நாள் என்ன வேலை செஞ்சீங்க, எந்த நாள் படுத்தீங்க. எழுதத் தெரியாட்டி ஸ்கூல் போற பிள்ளைய எழுதச் சொல்லுங்க.