கதிர்வீச்சா, புலமா?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் என் அத்தை, வைஃபை மோடத்தின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றிவைத்திருந்தார். “கதிர்வீச்சு பிள்ளைகள் மேல் படக் கூடாது, தம்பி” என்றார். இணையம் ஏன் இப்படித் திணறுகிறது என்று வீடே புலம்பிக்கொண்டிருந்தது. அவரை ஆட்டிவைத்தது மோடமா, அந்தச் சொல்லா என்று யோசித்தபடி திரும்பினேன்.

கதிர்வீச்சு நல்ல தமிழ்தான். சூரியனின் ஒளிக்கற்றை கதிர், நெல்லின் தலையும் கதிர், நூல் நூற்கும் தண்டும் கதிர். இலத்தீனில் ‘ரேடியஸ்’ என்பதற்கும் ஒளிக்கதிர், சக்கரத்தின் ஆரம், நெசவாளரின் நாடா என்று பல பொருள் உண்டு. சிக்கல் ‘வீச்சு’ என்ற பாதியில் இருக்கிறது. அரிவாளும் வீசப்படுகிறது, வலையும் வீசப்படுகிறது. யாரோ நம்மைக் குறிபார்க்கிறார்கள் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. மேலும் எக்ஸ் கதிருக்கும் அணு உலைக் கசிவுக்கும் இதே சொல்தான். அவை அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எடுக்கும் வலிமை கொண்டவை. மோடம் விடுவதும் கதிர்வீச்சுதான் என்றாலும் அதற்கு அந்த வலிமை இல்லை.

சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் கதையோ வேறு. மலேசிய வீடுகளின் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்த அதிர்வெண்ணில் ஓர் அலையின் நீளம் 6,000 கிலோமீட்டர். இத்தனை நீண்ட அலையை மூன்று அறை வீட்டின் கம்பி எங்கே வீசுவது? கம்பியைச் சுற்றி ஒரு பரப்பு மின்சாரத்தின் ஆளுகைக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பரப்பின் பெயர் மின்காந்தப் புலம்.

இந்தப் பொருளில் வயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கையாண்டவர் மைக்கேல் ஃபாரடே, ஆண்டு 1845. தமிழில் அதற்கு இணையாக நின்ற ‘புலம்’ என்பதற்கும் விளைநிலம், இடம் என்பவையே பழைய பொருள்கள். குறளின் ‘தென்புலத்தார்’ தென்திசையில் வாழ்பவர். ‘புலம்பெயர் மாக்கள்’ என்ற தொடர் பட்டினப்பாலையில் வருகிறது. அதே பாட்டு புகாரில் வந்து இறங்கும் ‘காழகத்து ஆக்க’த்தையும் சொல்கிறது; காழகம் என்றால் கடாரம் என்பது நச்சினார்க்கினியர் உரை. கடாரமோ நமக்குப் பக்கத்துக் கெடா. புலம் பெயர்ந்து வந்த நம் வீட்டுக்குள் அந்தப் புலமும் வந்து சேர்ந்திருக்கிறது!

புலத்துக்கு அறிவு, உணர்வு என்ற பொருளும் உண்டு. புலவர், ஐம்புலன் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வேடிக்கை என்னவென்றால், இந்தப் புலம் எந்தப் புலனுக்கும் புலப்படாது.

நம் பிள்ளைகள் பள்ளியில் மலாயில் படிப்பது ‘மேடான் எலெக்ட்ரோமக்னெட்’. உணவங்காடிக்குச் சொல்லும் ‘மேடான் செலேரா’வில் இருப்பதும் அதே மேடான்தான். தமிழின் ‘மைதான’மும் அதற்குப் பங்காளி. மூன்று மொழியிலும் அது கால் வைத்து நிற்கும் இடம்.

மின்காந்தப் புலம் என்ற தொடரின் மற்ற இரண்டு உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின் என்பது மின்னலின் மின். காந்தம் வடசொல் வழி வந்தது. ‘அயஸ்காந்தம்’ என்றால் இரும்புக்குப் பிரியமானது.

அடுத்து, இந்தப் புலத்துக்கு நாம் ஆளாவதை என்னவென்று சொல்வது? மொழிபெயர்ப்புகளில் ‘வெளிப்பாடு’ என்று எழுதிவருகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வெளிப்பாடு உள்ளிருந்து புறப்படுவது. கவிஞனின் உணர்ச்சிக்குப் பொருந்தும். இங்கே நடப்பது வெளியிலிருந்து நம் மேல் படுவது. வெயில் படுகிறது, பனி படுகிறது, கண் படுகிறது. அத்தை சரியாகத்தான் ‘பட’ என்றார். புலம் படுதல், படும் அளவு என்று எழுதினால் போதும்.

புலம் இடம் என்றால், இடத்தைவிட்டு நகரலாம். முடி உலர்த்தும் கருவியிலிருந்து 3 சென்டிமீட்டரில் காந்தப்புலம் 6 முதல் 2,000 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. 30 சென்டிமீட்டரில் அது 0.01 முதல் 7 வரை. ஒரு மீட்டரில் 0.03-க்கு மேல் இல்லை. சுவருக்கு அப்பால் மின்மீட்டர் பெட்டி இருந்தால் கட்டிலின் தலைமாட்டை எதிர்ப்பக்கம் திருப்பலாம். சுவர் காந்தப்புலத்தைத் தடுக்காது, தூரம் தணிக்கும். அலுமினியத் தாளாலும் இந்த 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை நிறுத்த முடியாது. மோடத்தின் ரேடியோ அலையை அது மறிக்கும். ஆனால் அந்த அலைக்காகத்தானே மாதாமாதம் பணம் கட்டுகிறோம்? கதிர்வீச்சைத் தடுக்கும் என்று கைப்பேசியில் ஒட்டி, ஆன்டெனாவை மறைக்கும் ஒட்டுவில்லை இன்னும் மோசம். சிக்னல் குறைந்ததும் கைப்பேசி தன் திறனைக் கூட்டிக்கொள்ளும்.

புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2002-இல் மின்கம்பிக் காந்தப்புலத்தையும் 2011-இல் ரேடியோ அலைப் புலத்தையும் ‘2பி’ வகையில் வைத்தது. புற்றுநோயைத் தரக்கூடும், சான்று போதவில்லை என்பது அந்த வகைக்குப் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது. அத்தை வீட்டுப் பால்கனியில் நான்கு தொட்டிக் கற்றாழை உண்டு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மோடம் இப்போது படுக்கையறையை விட்டு வாசல் பக்கம் போய்விட்டது. அலுமினியத் தாளில் மீன் சுட்டார்கள்.