தேனீக்களுக்கு ஏன் உள்நாட்டுப் போர் வருவதில்லை?

எறும்பும் தேனீயும் சட்டம், போலீஸ் எதுவும் இல்லாமலே கூட்டமாக வாழ்கின்றன, மனிதனால் மட்டும் ஏன் முடிவதில்லை? (தேனீக்கு ராணி உண்டே என்பீர்கள், அது முட்டைதான் இடுகிறது, ஆணை இடுவதில்லை.) 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரசியல் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இதற்குப் பல காரணங்களை அடுக்குகிறார். அவற்றில் என்னைப் பிடித்து நிறுத்தியது, அந்தப் பூச்சிகளுக்குப் பேச்சு கிடையாது என்பது. பேசத் தெரிந்தால்தானே நல்லதைக் கெட்டது என்று நாலு பேரை நம்பவைத்துத் தூண்டிவிட முடியும்? 1642இல் வந்த 'டி சிவே' நூலில், மனித நாக்கு போருக்கும் கலகத்துக்கும் ஊதும் எக்காளம் என்றே எழுதிவிட்டார்.

இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1629இல் அவர் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். கி.மு. 427இல் கோர்சைரா தீவில் இரண்டு கட்சிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட கதை அதில் வருகிறது: முன்பின் யோசிக்காத முரட்டுத்தனத்துக்கு வீரம் என்று பெயர், கொஞ்சம் நின்று யோசித்தவனுக்குக் கோழைப் பட்டம். அப்புறம் அவருடைய நாட்டிலேயே மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. ஒரே சார்லஸ்தான், ஒரு பக்கத்துக்கு அரசர், மறுபக்கத்துக்குக் கொடுங்கோலர். 1649இல் அவர் தலையே போயிற்று. ஹாப்ஸைக் கேட்டால், கொடுங்கோன்மை என்று தனியாக ஓர் ஆட்சிமுறையே கிடையாது, முடியாட்சி பிடிக்காதவர்கள் அதற்கு வைக்கிற பெயர் அது என்பார்.

சரி, பேச்சு எப்படிப் போராகிறது? 1651இல் வந்த 'லெவியத்தான்' நூலில் அவர் போரை வானிலையோடு ஒப்பிடுகிறார். ஒன்றிரண்டு தூறலை மட்டும் வைத்து மோசமான வானிலை என்று யாரும் சொல்வதில்லை, பல நாள் மூட்டமாகவே கிடந்தால்தான் அப்படிச் சொல்வோம். போரும் அப்படித்தான், சண்டை நடக்கும் நாள் மட்டும் போர் இல்லை, எந்த நேரமும் அடி விழலாம் என்றிருக்கும் காலம் முழுவதுமே போர். வார்த்தைக்கு ஆளுக்கொரு பொருள் என்றாகி, எதிராளி கொடுக்கும் வாக்கை நம்ப வழியில்லாதபோது முந்திக்கொண்டு அடிப்பதே புத்திசாலித்தனமாகப் படும், அவனுக்கும் அதே கணக்குதான். வாள் பின்னால் நிற்காத ஒப்பந்தம் வெறும் வார்த்தை என்கிறார்.

அவர் சொல்லும் மருந்து: கணக்கில் இருவருக்கு விடை ஒத்துவராவிட்டால் நடுவரை வைப்பதுபோல, எது என்னுடையது, எது உன்னுடையது, எது நியாயம் என்பதை ஆள்பவரே தீர்மானிக்கட்டும். நோயைச் சரியாகப் பிடித்தவர் மருந்தில் கோட்டைவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. எக்காளத்தை எல்லாரிடமிருந்தும் பிடுங்கி ஒருவர் கையில் கொடுத்தால் அவர் எதற்கு ஊதுவார் என்று யார் பார்ப்பது? எந்த ஆட்சியும் உள்நாட்டுப் போரைவிட மேல் என்பது ஹாப்ஸின் பதில். ஆனால் தன் நாட்டில் நடந்த அந்தப் போரைப் பற்றி அவர் எழுதிய 'பெஹிமோத்' நூலை அச்சிட, பின்னால் அரியணை ஏறிய மன்னர் இரண்டாம் சார்லஸே அனுமதி தரவில்லை. 1679இல் அது கள்ளப் பதிப்பாகத்தான் வெளியே வந்தது.