காது சில்லிட்டால் பதற வேண்டாம்: உறைபனியில் முயல் எப்படித் தாங்குகிறது?

மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கம் தோட்ட வீட்டுக்குக் குடிபோகிறோம். மதுரையில் மொட்டைமாடிக் கூண்டில் வளர்ந்த வெள்ளை முயல் ஒன்று இருக்கிறது, இரண்டரைக் கிலோ. அங்கே மார்கழி, தையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்துவிடும் என்கிறார்கள். கூண்டுக்குள் 100 வாட் குண்டு பல்பு போட்டால் போதுமா? ராத்திரி தொட்டுப் பார்த்தால் காது ஐஸ் மாதிரி இருக்குமாமே, அதற்கு என்ன செய்வது?”

பல்பு வேண்டாம். காதுக்கு எதுவுமே செய்ய வேண்டாம். முயலை நனையாமலும், வாடைக்காற்று நேராக அடிக்காமலும் பார்த்துக்கொண்டால் கொடைக்கானல் குளிரை அது தாங்கிவிடும். ஏன் என்பதுதான் சுவாரஸ்யம்.

முதலில் உறைபனி. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற பள்ளிக் கணக்கின்படி, தை மாத விடியலில் மதுரையில் 20 டிகிரி இருந்தால் மலையில் 7 டிகிரி இருக்க வேண்டும். அப்புறம் புல் எப்படி உறைகிறது? மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். திருப்பி அனுப்ப மேகம் இல்லை. அதனால் புல்நுனி தனக்கு மேலே உள்ள காற்றைவிட மூன்று, நான்கு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஏரியை ஒட்டிய தாழ்வான இடங்களும் மன்னவனூர்ப் புல்வெளியும் வெளுத்துக் கிடக்கும்போது, மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது இதனால்தான். ஆக, கூண்டு வைக்கும் இடத்தை இங்கேயே முடிவுசெய்துவிடலாம்: பள்ளத்தில் வேண்டாம், திறந்த வானத்தின் கீழ் வேண்டாம். வீட்டுச் சுவரை ஒட்டி, தாழ்வாரத்துக்கு அடியில் வையுங்கள்.

அடுத்து முயலின் வெப்பக் கணக்கு. அதன் உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி வரை, நம்மைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டரைக் கிலோ முயல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுமார் 7 வாட் வெப்பம் வெளியிடுகிறது. இதைக் காப்பாற்ற அதற்கு இருக்கும் முதல் ஆயுதம் முடி. நீளமான மேல்முடிக்கு அடியில் நெருக்கமாக மெத்தென்ற அடிமுடி இருக்கிறது. அதற்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் உண்மையான போர்வை. 10 டிகிரிக்குக் கீழே போனால் முயல் பந்து மாதிரி சுருண்டு, வெளியே தெரியும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும். 25, 30 டிகிரியைத் தாண்டினால் காலை நீட்டி மல்லாந்தாற்போல் கிடக்கும். மதுரையில் வளர்ப்பவர்களுக்கு இரண்டாவது கோலம்தான் பழக்கம்.

காதுக்கு வருவோம். உடம்புப் பரப்பில் ஏறத்தாழ 12 சதவீதம் காது மட்டுமே. முடியும் அங்கே மெலிசு. காலை வெயிலுக்கு எதிரே முயலை மடியில் வைத்துக் காதைப் பாருங்கள். நடுவில் சிவப்பாக ஒரு தமனி நேராக மேலே ஏறும். ஓரங்களில் இரண்டு சிரைகள் இறங்கும். நடுவே வலைப்பின்னலாகச் சின்னக் குழாய்கள். முயலுக்கு வியர்ப்பது கிடையாது என்றே சொல்லலாம், நாயைப் போல மூச்சிரைத்துத் தணித்துக்கொள்வதும் பெரிதாகக் கைகொடுக்காது. வெப்பத்தை வெளியே தள்ளுவதும் உள்ளே நிறுத்துவதும் பெரும்பாலும் இந்தக் காதின் பொறுப்பு.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு திருப்பம் உண்டு. 1851-இல் பிரான்ஸில் உடலியல் ஆய்வாளர் கிளோட் பெர்னார், முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை (நாம் நினைக்காமலே தானாக வேலை செய்யும் நரம்பு) வெட்டினார். நரம்பு போனால் அந்தப் பக்கம் குளிர்ந்துவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. அந்தப் பக்கத்துக் காது சிவந்து, கைக்குத் தெரியும் அளவுக்குச் சுட்டது. மறு ஆண்டே பிரவுன்-செகார் என்ற இன்னொரு ஆய்வாளர், வெட்டிய நரம்பின் மேல்முனையில் மின்சாரம் பாய்ச்சினார். காது வெளுத்துக் குளிர்ந்தது. அந்த நரம்பு ஓயாமல் ரத்தக்குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விட்டால் குழாய் விரிகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. இன்றைக்கு ரத்த அழுத்தத்தைப் பற்றி மருத்துவர் பேசுவதற்கு இதுவும் ஒரு அடித்தளம். முயல் காதைச் சுட வைத்து நாட்டுக்கு என்ன லாபம் என்று அன்றைக்கு ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால், பெர்னாரிடம் பதில் இருந்திருக்காது. ‘உடனடிப் பயன் என்ன?’ என்ற கட்டத்தை நிரப்பினால்தான் பணம் என்று இங்கே விண்ணப்பப் படிவம் அடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அழகான பகுதி இனிமேல்தான். சாதாரணமாக ரத்தம் தமனியிலிருந்து மயிரிழைக் குழாய்களுக்குள் புகுந்துதான் சிரைக்குப் போகும். முயல் காதில் இன்னொரு வழியும் இருக்கிறது. தமனிக்கும் சிரைக்கும் நடுவே நேரடியாக, தடித்த தசைச்சுவருடன் குட்டையான இணைப்புகள் ஏராளம். கண்மாய்த் தண்ணீர் வயலுக்குள் பாயாமல் மடை திறந்து நேராக அடுத்த வாய்க்காலில் விழுவது போல, இவை திறந்தால் ரத்தம் குபுகுபுவென்று காதுக்குள் ஏறி இறங்கும். லண்டனில் ஆர். டி. கிராண்ட் 1930-இல் இவற்றை விவரித்தார். 1934-இல் அமெரிக்காவில் கிளார்க் தம்பதி, உயிருள்ள முயலின் காதில் ஒளி ஊடுருவும் சின்ன ஜன்னல் பொருத்தி, இந்த மடைகள் மூடித் திறப்பதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்தார்கள்.

சித்திரை வெயிலில் மடைகள் திறந்திருக்கும், காது சுடும். தை இரவில் எல்லாம் மூடிக்கொள்ளும். காதுக்குப் போகும் ரத்தம் குறைந்து, காதின் வெப்பம் வெளிக்காற்றின் பக்கம் இறங்கிவிடும். நெஞ்சுக்குள் 39 டிகிரி அப்படியே இருக்கும். நீங்கள் தொட்டுப் பதறும் அந்த ஐஸ் காதுதான் முயல் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி.

அப்படியானால் காதே உறைந்து போகாதா? அதற்கும் ஏற்பாடு உண்டு. கிராண்டும் அவர் கூட்டாளிகளும் 1932-இல் வெளியிட்ட ஆய்வில் இதையும் பார்த்தார்கள்: காது உறைநிலையை நெருங்கும்போது மூடிய மடைகள் சட்டென்று திறக்கின்றன, சூடான ரத்தம் ஒரு சுற்று வந்து காதைக் கதகதப்பாக்குகிறது, திரும்பவும் மூடுகிறது. உறையாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் செலவு. ஒரு தடவை தொட்டால் சில்லென்றும், இன்னொரு தடவை லேசான சூட்டோடும் காது இருந்தால் குழம்ப வேண்டாம்.

இங்கே பிராந்தி வைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். குளிருக்கு இரண்டு சொட்டு பிராந்தி புகட்டினால் முயலுக்குச் சூடேறும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சாராயம் தோல் ரத்தக்குழாய்களை விரித்துவிடும். பாடுபட்டு மூடிய மடையை நாமே திறந்துவிடுவதற்குச் சமம். காது சூடாகும், முயல் குளிரும். முயல் ரத்தம் தேய்த்தால் முடி வளரும் என்று பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே, அந்த ரகத்து அறிவுதான் இதுவும். தலைமுடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே எந்தப் பிராணியின் ரத்தத்தைப் பூசினாலும் அதற்குத் தெரியப்போவதில்லை.

இந்த ஏற்பாடுகளையெல்லாம் தோற்கடிப்பது குளிர் அல்ல, ஈரம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2.4 கிலோ ஜூல் வேண்டும். முடியில் 50 மில்லி தண்ணீர் ஏறினால், அது உலர 120 கிலோ ஜூல். முயல் ஐந்து மணி நேரம் உண்டாக்கும் மொத்த வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவுதான். போதாததற்கு, நனைந்த முடி ஒட்டிக்கொள்வதால் உள்ளே காற்றும் நிற்காது. ஈரக்காதின் நுனிதான் முதலில் வெளுத்து விறைக்கும், பிறகு கறுக்கும்.

ஈரம் பெரும்பாலும் மழையாக வருவதில்லை, கூண்டின் கூரையிலிருந்தே வருகிறது. வெறும் தகரக் கூரை இரவில் வானத்துக்குக் கதிர்விட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். முயலின் மூச்சு ஈரமும் மூத்திர ஈரமும் அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் முதுகில் சொட்டும். தகரத்துக்குக் கீழே 5 செ.மீ. இடைவெளி விட்டு ஒரு பிளைவுட் பலகை அடியுங்கள். இடைவெளியில் வைக்கோல் திணிக்கலாம். தெர்மாகோல் வைப்பதானால் இரு பலகைக்கு நடுவே முழுக்க மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடித்துத் தின்றுவிடும்.

கூண்டுக்குள் ஒரு படுக்கைப் பெட்டி அவசியம். வளர்ப்பு முயலின் மூதாதை ஸ்பெயின் பக்கத்து வளை முயல், இருட்டான குறுகிய இடம்தான் அதற்கு நிம்மதி. (நம் காட்டு முயல் வளை தோண்டாது, அது வேறு இனம். அதைப் பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.) இரண்டரைக் கிலோ முயலுக்கு உள்ளளவு 45 × 30 செ.மீ., உயரம் 30 செ.மீ. போதும். பெரிதாகச் செய்தால் 7 வாட்டில் சூடேறாது. பெட்டிக்கு 18 மி.மீ. பிளைவுட், கூண்டுக்குத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரக் கால்கள். பெட்டியின் வாசல் 15 செ.மீ. அகலத்தில் ஒரு ஓரமாக இருக்க வேண்டும், நடுவில் வைத்தால் காற்று நேராக உள்ளே அடிக்கும். தை மாத வாடை வடகிழக்கிலிருந்து வரும். அதனால் முதுகுப்புறம் வடக்கே, வாசல் தெற்கே. வாசல் இருக்கும் சுவரிலேயே கூரையை ஒட்டி 3 செ.மீ. காற்றுச் சந்து விடுங்கள்.

உள்ளே வைக்கோல், 15 செ.மீ. உயரத்துக்கு உதிரியாக. அமுக்கிவிட்டால் காற்று போய்விடும், காற்று போனால் பயன் போய்விடும். வெறும் பலகைப் பெட்டியை முயல் தன் சூட்டால் வெளியைவிட 3 டிகிரிதான் கூட்ட முடியும் என்று கணக்கு வருகிறது. வைக்கோல் நிறைத்து, முயல் அதைக் குடைந்து குழியாக்கிப் படுத்தால் அதைப் போல இரு மடங்குக்குக் குறையாது. சாக்கும் பழைய போர்வையும் வேண்டாம். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நூல் குடலில் சிக்கும். தினமும் மூத்திரம் பட்ட வைக்கோலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாகப் போடுங்கள். முயல் ஒரே மூலையில்தான் போகும் என்பதால் ஐந்து நிமிட வேலை.

மலையில் அதிகம் நடக்கும் தவறு தார்ப்பாயால் கூண்டை நாலாபுறமும் இறுக்கிக் கட்டுவது. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா வெளியேற முடியாமல் மூக்குச் சவ்வை அரிக்கும். பிறகு பாஸ்டுரெல்லா கிருமி உட்காரும். முயல் அடிக்கடி தும்மும். முன்னங்காலின் உட்பக்கத்தைப் பாருங்கள், மூக்கைத் துடைத்துத் துடைத்து முடி சடை பிடித்திருந்தால் நோய் வந்தாயிற்று. காலையில் கூண்டைத் திறந்ததும் நமக்கே மூக்கில் நெடி ஏறினால் தார்ப்பாயைத் தளர்த்துங்கள். காற்று வரும் பக்கமும் மேலேயும் மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுவதே சரி.

100 வாட் பல்பு என்பது 14 முயல்களின் வெப்பம். சின்னப் பெட்டிக்குள் அது மதுரைக் கோடையை உண்டாக்கும். மின்சாரம் போனால் உள்ளே கிளம்பிய ஆவி குளிர்ந்து நீராகும். வயரைக் கடிக்கும், வைக்கோல் பற்றும். கரியடுப்பை மூடிய கொட்டகையில் வைப்பது அதைவிட மோசம். அதிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. கடுங்குளிர் இரவில் கூடுதல் சூடு வேண்டுமென்றால், 1 லிட்டர் ஸ்டீல் பாட்டிலில் 60 டிகிரி வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, தடித்த துணி சுற்றி வைக்கோலுக்குள் புதையுங்கள். 30 டிகிரிக்கு ஆறுவதற்குள் அது கொடுப்பது சுமார் 126 கிலோ ஜூல். முயலின் ஐந்து மணி நேர உழைப்பு மிச்சம். அருகே போவதா, விலகுவதா என்பதை முயலே முடிவு செய்துகொள்ள இடம் விடுங்கள்.

தீனியும் எரிபொருள்தான். உலர்புல் எப்போதும் இருக்க வேண்டும், பொழுது சாயும்போது ஒரு கட்டு கூடுதலாக. வழக்கமாக 60 கிராம் தீவனக் குச்சி கொடுத்தால் உறைபனிக் காலத்தில் 70, 75 ஆக்கலாம். கேரட் மலிவு என்று வாளி வாளியாகப் போட்டால் வயிறு போகும், பின்பக்கம் நனையும், திரும்பவும் ஈரம். கிலோவுக்குச் சுமார் 100 மில்லி தண்ணீர் தினமும் வேண்டும். உருண்டை வைத்த குழாய் பாட்டிலில் முதலில் உறைவது அந்த உருண்டையைச் சுற்றிய இடம்தான். பாட்டில் நிறையத் தண்ணீர் தெரியும், முயல் தாகத்தோடு இருக்கும். தண்ணீர் குடிக்காத முயல் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நின்றுபோகும். கனமான பீங்கான் கிண்ணத்தில் மாலையிலும் விடிந்ததும் வெதுவெதுப்பான நீர் வையுங்கள்.

குட்டி போடும் முயல் என்றால் கணக்கே வேறு. குட்டிகளுக்கு முடியும் கிடையாது, உடம்பை நடுக்கிச் சூடேற்றவும் தெரியாது. தோள்பட்டைக்கு நடுவே உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கின்றன. தாய் தன் வயிற்று முடியைப் பிய்த்து மெத்தை போடும். சினை 31 நாள்தான், 28-ஆம் நாளே வைக்கோல் நிரப்பிய பிரசவப் பெட்டியை வைத்துவிடுங்கள். தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிடம் மட்டுமே பால் கொடுக்கும். கூடவே படுக்கவில்லையே என்று அதைப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். பஞ்சு வைத்தால் இழை குட்டியின் காலில் சுற்றி இறுகிவிடும். கோடையில் உதிரும் முயல் முடியைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வாசகரின் முயல் எப்போது மலையேற வேண்டும்? முடிந்தால் புரட்டாசியில். குளிர் மெல்ல மெல்லக் கூடும்போது அடிமுடியும் அடர்த்தியாகும். மார்கழியில்தான் போக வேண்டுமென்றால் முதல் மூன்று வாரம் கணப்பு இல்லாத உள்திண்ணையிலோ கொட்டகையிலோ வைத்துவிட்டுப் பிறகு வெளியே மாற்றுங்கள். ராத்திரி அடுப்படிக்குள், பகலில் வெளியே என்று மாற்றி மாற்றி வைத்தால் முடி அடர்த்தியாகவே ஆகாது.

சோதிக்க வேண்டுமானால் காதை விட்டுவிட்டு, முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சுக்கு அடியில் கை வையுங்கள். அங்கே சூடு இருந்து, வைத்த தீனியைத் தின்றிருந்து, காலையில் வழக்கமான அளவு புழுக்கையும் இருந்தால் ஒன்றுமில்லை. அங்கேயும் சில்லென்று இருந்து, முயல் துவண்டு கிடந்தால், வெப்பமானி 38-க்குக் கீழே காட்டினால், உள்ளே தூக்கிக்கொண்டு வந்து முதலில் துடைத்து உலர்த்துங்கள். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களை இரண்டு விலாப்பக்கமும் வைத்து மெதுவாகச் சூடேற்றிக்கொண்டே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுப்பருகே பிடிக்காதீர்கள், காதைத் தேய்க்காதீர்கள், துவண்டு கிடக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.