எண்ணெய் வழியும் முகத்தை எத்தனை தடவை கழுவுவது?

சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவி ஒருவர் அம்மாவோடு வந்திருந்தார். உட்கார்ந்த உடனே பையிலிருந்து டிஷ்யூ எடுத்து நெற்றியில் ஒற்றி என் முன்னால் நீட்டினார். "பாருங்க டாக்டர், இப்பதான் கழுவிட்டு வந்தேன். அதுக்குள்ள இவ்வளவு எண்ணெய்."

டிஷ்யூவில் எண்ணெய் இருந்தது உண்மைதான். என் கண்ணில் முதலில் பட்டது வேறு. மூக்கின் இரண்டு ஓரத்திலும் தோல் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. கன்னத்தில் தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா கழுவுறே?" என்று கேட்டேன். அவர் யோசிப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: "எட்டு தடவைக்குக் குறையாது டாக்டர். ராத்திரி எழுந்துகூடக் கழுவுறா."

முகத்தில் எண்ணெய் வழிகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு எண்ணெயால் வந்த கஷ்டத்தைவிட, எண்ணெயை விரட்டப் போய் வந்த கஷ்டம்தான் பெரிது. அதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக ஏறக்குறைய உடம்பு முழுவதும் தோலுக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. முகத்திலும் தலையிலும் அவை மிக நெருக்கம். ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சுரப்பியின் செல்கள் எண்ணெயைச் சேர்த்துச் சேர்த்து உப்பி, கடைசியில் தாமே உடைந்து வெளியே வருகின்றன. அப்படி வருவதைத்தான் செபம் என்கிறோம். அது அழுக்கு கிடையாது. தோல் தனக்காகத் தயாரித்துக்கொள்ளும் பூச்சு அது.

எவ்வளவு சுரக்க வேண்டும் என்று முக்கியமாகத் தீர்மானிப்பவை ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள். ஆண்கள், பெண்கள் இருவர் உடம்பிலும் இவை உண்டு. பருவ வயதில் முகம் திடீரென்று பளபளப்பதும், மாதவிடாய் நின்ற பிறகு பல பெண்களுக்கு எண்ணெய் குறைவதும் இதனால்தான். பெற்றோரிடமிருந்து வரும் வாகும் உண்டு. வெப்பமும் புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

ஆக, சுரப்பிக்கு உத்தரவு உள்ளேயிருந்து வருகிறது. வெளியே நீங்கள் எட்டு தடவை கழுவுவது அதற்குத் தெரியாது. மேலே இருக்கும் எண்ணெய் போகும், சுரப்பி தன் வேகத்தில் மறுபடி சுரக்கும். அதிகம் கழுவினால் அதிகம் சுரக்கும் என்று பலரும் சொல்வதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. கெட்டுப்போவது மேல்தோல். அதன் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மையோடு, பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்புக் கட்டியின் பி.எச். 9 முதல் 10 வரை, அதாவது காரத்தன்மை. திரும்பத் திரும்ப அதைப் போட்டுத் தேய்த்தால் தோலின் காப்பு பழுதாகி, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும். மேலே எண்ணெய், உள்ளே வறட்சி. கழுவியதும் முகம் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறதே, அதைச் 'சுத்தமாகிவிட்டது' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தோல் வலிக்கிறது என்று சொல்லும் விதம் அது.

காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, அப்புறம் நன்றாக வியர்த்தால் இன்னொரு தடவை. இது போதும். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி பரிந்துரைப்பதும் இதே கணக்குதான். சோப்புக் கட்டிக்குப் பதில் மென்மையான ஃபேஸ்வாஷ், வெதுவெதுப்பான தண்ணீர், விரல் நுனியால் வட்டமாக அரை நிமிடம், பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. மணல்மணலாக இருக்கும் ஸ்க்ரப் வேண்டாம். பரு இருக்கும் முகத்தில் அதைத் தேய்ப்பதைப் பார்த்தால் எனக்கே எரிகிற மாதிரி இருக்கும்.

அந்த மாணவிக்கு நான் எழுதிக் கொடுத்தது மூன்றே பொருள்: ஃபேஸ்வாஷ், ஜெல் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். மாய்ஸ்சரைசர் என்றதும் முகம் மாறிவிட்டது. "ஏற்கெனவே எண்ணெய் வழியுது, அதுக்கு மேல கிரீமா?" இந்தக் கேள்வியை நான் கேட்காத நாளே இல்லை. எண்ணெய் வேறு, ஈரம் வேறு. மாய்ஸ்சரைசரின் வேலை தோலில் ஈரத்தைப் பிடித்து வைப்பது. எண்ணெய்ச் சருமத்துக்கு என்று எடைகுறைந்த ஜெல் வகைகள் இருக்கின்றன. கிளிசரின், ஹயலுரோனிக் அமிலம் போன்றவை இருந்தால் நல்லது. பட்டாணி அளவு எடுத்து, முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவினால் பிசுபிசுக்காது. ஆறு வாரம் கழித்து வந்தார். "எண்ணெய் இன்னும் வருது டாக்டர். ஆனா எரியல, உரியல." அதன் பிறகுதான் எண்ணெய்க்கான மருந்தை ஆரம்பித்தேன்.

உங்களுடையது எண்ணெய்ச் சருமம்தானா என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். முகம் கழுவி, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் விட்டு, நெற்றி, மூக்கு, கன்னம், தாடை ஒவ்வொன்றிலும் தனித்தனி டிஷ்யூ ஒற்றுங்கள். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் எண்ணெய் இருந்து கன்னம் காய்ந்திருந்தால், எண்ணெய்க்கான மருந்தை முகம் முழுக்கப் பூச வேண்டிய அவசியமே இல்லை. இடம் பார்த்துப் பூசலாம்.

மருந்துக்கடையில் கிடைப்பவற்றில் இரண்டை நான் அதிகம் நம்புகிறேன். ஒன்று சாலிசிலிக் அமிலம், 0.5 முதல் 2 சதவீதம் வரை. எண்ணெயில் கரையும் தன்மை கொண்டது என்பதால் எண்ணெய் வெளிவரும் தோல் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். வாரத்தில் இரண்டு, மூன்று இரவுகளில் தொடங்கினால் போதும். இன்னொன்று நியாசினமைடு, வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். 2 சதவீதத்திலேயே எண்ணெய் குறைவதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் 10, 15, 20 என்று எண் ஏற ஏற நல்லது என்று எண்ணி வாங்கி, முகம் சிவந்து வருகிறவர்களைப் பார்க்கிறேன். பருவும் சேர்ந்து இருந்தால் பென்சாயில் பெராக்சைடு. 2.5 சதவீதமே போதும், வலுவான அளவுகள் எரிச்சலைத்தான் கூட்டும். துண்டு, தலையணை உறையில் பட்டால் சாயம் போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன். அடாபலீன் போன்ற, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டுகள் அடைப்புக்கு அருமையானவை. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்று. காதுக்குப் பின்னால் சில நாள் தடவிப் பார்த்த பிறகு முகத்துக்கு. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுமை வேண்டும். பத்து நாளில் ஒன்றை நிறுத்திவிட்டு அடுத்ததுக்குத் தாவினால் எது உதவியது, எது கெடுத்தது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மூக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் மூக்கைப் பார்த்து, சாம்பல் நிறத்தில் வரிசையாகத் தெரியும் புள்ளிகளைப் பிளாக்ஹெட்ஸ் என்று நினைத்து நகத்தால் பிதுக்குகிறவர்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை பிளாக்ஹெட்ஸே இல்லை. துளைக்குள் எண்ணெய் ஏறி வருவதற்கான மெல்லிய இழைகள் அவை, எல்லோருக்கும் உண்டு. பிதுக்கினாலும் ஸ்ட்ரிப் ஒட்டிப் பிடுங்கினாலும் சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும். மிச்சமாவது நகக்கீறலும் சிவப்பும்தான். உண்மையான பிளாக்ஹெட்ஸ் துளை வாயில் மேடாக, கறுப்பாக அடைத்திருக்கும். அந்தக் கறுப்பும் அழுக்கு கிடையாது. அடைப்பு காற்று பட்டு நிறம் மாறியதும் தோலின் நிறமியான மெலனினும்தான். தேய்த்தால் போகாது. சாலிசிலிக் அமிலமும் ரெட்டினாய்டும் மெதுவாகக் கரைக்கும்.

சன்ஸ்கிரீனை எண்ணெய்க்குப் பயந்து விடாதீர்கள். பரு ஆறியபின் தங்கும் கறை வெயிலில் இன்னும் கறுக்கும். ஜெல் அல்லது தண்ணீர் மாதிரி இருக்கும் வகையில், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் போடுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. எஸ்.பி.எஃப். உள்ள காம்பாக்ட் அதற்கு ஈடாகாது. அந்த எண் கிடைக்கும் அளவுக்குப் பவுடரை யாரும் பூசுவதில்லை.

இனி மேக்கப். எண்ணெய்ச் சருமம் உள்ளவர்கள் மேக்கப்பே போடக்கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. போடும் விதம் மாறினால் போதும்.

பள்ளி ஆசிரியை ஒருவர் தாடையோரத்தில் ஓயாமல் வரும் சின்னச் சின்னப் பருக்களுக்காக வந்தார். காலை 7 மணிக்கு ஃபவுண்டேஷன். 11 மணிக்கு மூக்கருகே அது திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடும், அதன் மேல் காம்பாக்ட். மதியம் இன்னொரு தடவை, மூன்று மணிக்கு இன்னொரு தடவை. எண்ணெய் மேல் பவுடர், பவுடர் மேல் எண்ணெய், அதன் மேல் பவுடர். கடைசியில் அது பசைதான். நான் எப்போதும் சொல்வது மாதிரி, பயன்படுத்தும் எல்லாவற்றையும் பையோடு கொண்டுவந்திருந்தார். உள்ளே முட்டை வடிவ ஸ்பாஞ்ச் ஒன்று. "கழுவுவீங்களா?" "கழுவுவேன் டாக்டர், அப்பப்ப." அவரைக் கேட்டுக்கொண்டு கத்திரிக்கோலால் அதை நடுவில் வெட்டினேன். வெளியே வெளிர் ரோஸ். உள்ளே நடுப்பகுதி பழுப்பேறி, ஈரம் காயாமல், புளித்த வாடையோடு இருந்தது. தினம் காலையில் அதைத்தான் முகத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

ஸ்பாஞ்சையும் பிரஷ்ஷையும் வாரம் ஒரு தடவையாவது சோப்பு நுரை போகும்வரை அலசி, பெட்டிக்குள் மூடாமல் காற்றில் உலர வையுங்கள். ஸ்பாஞ்சைச் சில மாதங்களில் மாற்றிவிடுங்கள். மேக்கப் டப்பாவில் திறந்த மூடி போன்ற படத்துக்குள் 6, 12 என்று எண் போட்டிருக்குமே, திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அந்தப் பொருளுக்கு ஆயுள்.

பகலில் முகம் மினுங்கினால் முதலில் எண்ணெயை உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர். தேய்க்காமல் அழுத்தி எடுங்கள். எண்ணெய் போன பிறகு, தேவைப்பட்டால், மினுங்கும் இடத்தில் மட்டும் துளி பவுடர். ஆசிரியை இந்த வரிசையை மாற்றியதிலேயே ஃபவுண்டேஷன் சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்க ஆரம்பித்தது. காலையிலும் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் இரண்டும் படிய சில நிமிடம் விட்டு, நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் பிரைமர், அதன் மேல் மெல்லிய ஒரே அடுக்கு. மறைக்க வேண்டிய இடத்தில் மட்டும் இன்னொரு தொடுகை. ஃபவுண்டேஷன் வாங்கும்போது தாடையோரம் தடவி, வெளிச்சத்துக்கு வந்து, ஓரிரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண்ணெய் ஊறியதும் சில நிறங்கள் ஒரு படி கறுத்துவிடும்.

மேக்கப்பால் பரு வரும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஆல்பர்ட் கிளிக்மேன், மில்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1972-லேயே 'ஆக்னே காஸ்மெட்டிகா' என்று அதற்குப் பெயர் வைத்து எழுதினார்கள். அந்தக் காலத்தில் துளையை அடைக்குமா என்று முயலின் காதில்தான் சோதித்தார்கள். அந்த முடிவு மனித முகத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. இன்று லேபிளில் 'நான்-காமிடோஜெனிக்', அதாவது துளையை அடைக்காதது, என்று இருந்தால் தேர்ந்தெடுக்க உதவும், உத்தரவாதம் ஆகாது. உங்கள் முகம் சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு.

இரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் மேக்கப்போடு படுக்காதீர்கள். மைசெல்லார் வாட்டர் அல்லது க்ளென்சிங் பாம் கொண்டு முதலில் இளக்கி, பிறகு ஃபேஸ்வாஷ். ஈரத்துணியால் துடைப்பது மட்டும் போதாது. பாதி துடைபடும், மீதி பரவும். நெற்றியோரம் மட்டும் பரு வருகிறது என்றால் முகத்துக்குப் போடுவதை விட்டுவிட்டுத் தலைக்குப் போடுவதைக் கவனியுங்கள். எண்ணெய், சீரம், ஸ்டைலிங் கிரீம் எதுவானாலும் மெல்ல நெற்றிக்கு இறங்கும்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, டூத்பேஸ்ட் மூன்றையும் முகத்தில் வைக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கறையும் வரலாம். அதைவிட ஆபத்து, யாரோ கொடுத்த 'சீக்கிரம் பளிச்சென்று ஆக்கும்' கிரீம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் அற்புதமாக இருக்கும். சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் சிவப்புக் கோடாகத் தெரிந்து, நிறுத்தினால் முகமே தீப்பிடித்த மாதிரி பரு வெடிக்கும். அந்த நிலையில் வருகிறவர்களைத் தேற்றுவது எனக்கு மிகவும் கஷ்டம்.

தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகள் வந்தாலும், தழும்பு விழ ஆரம்பித்தாலும் காத்திருக்காதீர்கள். எண்ணெயோடு மாதவிடாய் தப்பி, தாடையில் முடியும் வளர்ந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவை. நெற்றியில் ஒரே அளவில் அரிக்கும் பொரிப் பொரியாக இருந்தால் அது பருவே இல்லாமல், எண்ணெயைத் தின்று வளரும் மலசீசியா பூஞ்சையாக இருக்கலாம். பருவுக்கான ஆன்டிபயாட்டிக் அதை மோசமாக்கும். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இருக்கிறது. கடுமையான பருவுக்கு அதைவிட வலுவான மருந்து இல்லை. ஆனால் கர்ப்பத்தில் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகளை உண்டாக்கும். தோழி சாப்பிட்டாள் என்று ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது.

தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முகத்துக்கும் தலைக்கும் போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். பாதி தீர்ந்த டியூபையும், லேபிள் கிழிந்த டப்பாவையும், அந்த ஸ்பாஞ்சையும் சேர்த்து.