கணக்கில் விழுந்த பிராங்க் எல்லாம் கைக்காசு இல்லை

2025 நவம்பரில் ஒரு தம்பி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வீடு ஜெர்மனியில் லோராக்கில், வேலை எல்லைக்கு அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்தின் பாசலில். வரி அலுவலகம் அனுப்பிய உறையை மேசைமேல் வைத்து, "அக்கா, கணக்கு எங்கேயோ தப்பாகியிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். கணக்கில் தப்பே இல்லை. 2024-க்கான வரி பாக்கி 7,400 யூரோ சொச்சம். நடப்பு ஆண்டுக்கான முன்பணம் 13,000 யூரோ. இரண்டையும் டிசம்பர் 10-ஐ ஒட்டிக் கட்ட வேண்டும். அவருடைய சேமிப்புக் கணக்கில் அப்போது 6,000 யூரோகூட இல்லை.

வரி, சம்பளக் கணக்கு வேலையில் இருக்கும் எனக்கு ஆண்டுக்கு நாலைந்து முறையாவது இப்படி ஒருவர் வந்துவிடுகிறார். யாரும் ஊதாரிகள் இல்லை. ஒரு சம்பளச் சீட்டை ஜெர்மன் சீட்டு மாதிரியே படித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஜெர்மன் கம்பெனியில் வேலை செய்பவருக்கு எல்லாப் பிடித்தமும் சம்பளத்திலேயே முடிந்துவிடும். ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3, மருத்துவக் காப்பீட்டுக்கு 7.3-ம் அந்தக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கூடுதல் கட்டணத்தில் பாதியும், அப்புறம் பராமரிப்புக் காப்பீடு, அதாவது முதுமையிலோ முடியாதபோதோ கவனித்துக்கொள்வதற்கானது. இவற்றில் மற்றொரு பங்கை முதலாளி போடுகிறார். வருமான வரியையும் மாதாமாதம் அவரே பிடித்துக் கட்டிவிடுகிறார். மிஞ்சி வங்கிக்கு வரும் நெட்டோ உங்கள் காசு. அதை நம்பி வாடகை பேசலாம், கார் தவணை எடுக்கலாம்.

ஜெர்மனியில் வீட்டை வைத்துக்கொண்டு தினமும் சுவிட்சர்லாந்துக்குப் போய் வருபவரைக் கிரென்ஸ்கெங்கர் என்கிறார்கள், எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் என்று பொருள். வைல் அம் ரைனில் 8-ஆம் எண் டிராமிலும், லோராக்கில் எஸ்-6 ரயிலிலும் காலையில் ஏறிப் பாருங்கள், பாதிப்பேர் அவர்கள்தான். இவர்களுடைய சீட்டிலும் நெட்டோ என்று ஒரு வரிசை இருக்கும். ஆனால் அதற்குள் இன்னும் இரண்டு பெரிய செலவுகள் ஒளிந்திருக்கின்றன.

தம்பியின் சீட்டையே எடுத்துக்கொள்வோம். மாத மொத்தச் சம்பளம் 6,500 சுவிஸ் பிராங்க், ஆண்டுக்கு 13 சம்பளம். பிடித்தங்களில் முதல் வரிசை அரசு ஓய்வூதியமும் அதோடு சேர்ந்தவையும், 5.3 சதவீதம்: 344.50. அடுத்தது வேலையின்மைக் காப்பீடு, 1.1 சதவீதம்: 71.50. வேலை நேரத்துக்கு வெளியே நடக்கும் விபத்துக்கான காப்பீடும் நோய்க்கால ஊதியக் காப்பீடும் சேர்ந்து 75 பிராங்க் போல. அப்புறம் பென்சியோன்ஸ்காஸெ, அதாவது கம்பெனி வழி ஓய்வூதியம். இது வயதோடு ஏறும். 25 வயதில் 7 சதவீதத்தில் தொடங்கி 10, 15 என்று உயர்ந்து 55-க்கு மேல் 18 ஆகிறது. ஆண்டுச் சம்பளத்தில் 26,460 பிராங்கைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கணக்கு. முதலாளி குறைந்தது பாதியைப் போட வேண்டும். தம்பிக்கு 46 வயது, அவர் பங்கு 363 பிராங்க். இந்தப் பிடித்தத்தைப் பார்த்து நிறையப் பேர் சலித்துக்கொள்வார்கள். சலிக்க வேண்டாம், இது உங்கள் பெயரில் சேரும் பணம்.

கடைசி வரிசை குவெல்லன்ஷ்டாயர், அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வரி, 4.5 சதவீதம்: 292.50. சிக்கல் தொடங்குவது இங்கேதான். "வரி பிடிச்சிட்டாங்களே அக்கா, சீட்டிலேயே இருக்கே" என்று தம்பி விரலை வைத்துக் காட்டியது இந்த வரியைத்தான். சுவிஸ் அரசு தன் பங்காக எடுத்துக்கொள்வது இது. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் உள்ள இரட்டை வரி ஒப்பந்தப்படி, கிரென்ஸ்கெங்கரின் சம்பளத்துக்கு வருமான வரி போடும் உரிமை அவர் குடியிருக்கும் நாட்டுக்கு. சுவிட்சர்லாந்து 4.5 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. ஜெர்மனி தன் விகிதப்படி முழு வரியையும் போட்டு, அந்த 4.5 சதவீதத்தை அதில் கழித்துக்கொள்ளும். மீதியை நீங்களே ஃபினான்ஸாம்டுக்கு, அதாவது ஜெர்மன் வரி அலுவலகத்துக்கு, கட்ட வேண்டும். அதைச் சுவிஸ் முதலாளி பிடிக்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை.

எல்லாம் போக அவர் கணக்கில் விழுந்தது 5,350 பிராங்க் போல, அன்றைய மாற்று விகிதத்தில் 5,700 யூரோ. அதையே சம்பளம் என்று நினைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார். இந்தச் சம்பளத்தில் மணமாகாத, பிள்ளை இல்லாத ஒருவருக்கு ஜெர்மன் வரி மாதக் கணக்கில் 1,100 முதல் 1,400 யூரோ வரை வரும். அதைக் கழியுங்கள். மருத்துவக் காப்பீட்டையும் கழியுங்கள், அதற்கு வருகிறேன். உண்மையில் அவர் கையில் நிற்க வேண்டியது 3,500 யூரோவை ஒட்டித்தான்.

ஃபினான்ஸாம்ட் அவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தது. எதிர்பார்க்கும் ஆண்டு வருமானம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் எழுதும் தொகையை வைத்துத்தான் காலாண்டு முன்பணத்தை, ஃபோராவுஸ்ட்சாலுங்கை, நிர்ணயிப்பார்கள். மார்ச் 10, ஜூன் 10, செப்டம்பர் 10, டிசம்பர் 10 என்று நான்கு தவணை. அது இல்லாமல் போனதால் முதல் ஆண்டு முழுக்க ஒரு சென்ட்கூடக் கேட்கப்படவில்லை. கேட்காததை அவர் கடன் இல்லை என்று எடுத்துக்கொண்டார். பிறகு முதல் வரி நிர்ணயம் வந்தபோது பழைய ஆண்டும் நடப்பு ஆண்டும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. அடுத்த மார்ச்சிலிருந்து காலாண்டுக்கு 3,250 வேறு.

ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தனியாக ஒரு கணக்கு திறங்கள். சம்பளம் விழுகிற அன்றே வரிப் பங்கு அதற்குள் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். கேள்வித்தாளில் உண்மையான தொகையை எழுதுங்கள், 13-ஆவது சம்பளத்தையும் சேர்த்து. சம்பளம் பிராங்கில் வந்தாலும் வரி யூரோவில் என்பதால், ஒதுக்கும்போது கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்குங்கள். உங்கள் ஜெர்மன் குடியிருப்பை உறுதிசெய்யும் க்ரே-1 படிவத்தை ஃபினான்ஸாம்டில் முத்திரை வாங்கி முதலாளியிடம் கொடுத்தால்தான் அந்த 4.5 சதவீத வரம்பு. கொடுக்காவிட்டால் சுவிஸ் விகிதப்படி முழு வரியையும் பிடிப்பார்கள்.

சரி, மருத்துவக் காப்பீடு. வேலை தொடங்கி மூன்று மாதத்துக்குள் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்: சுவிஸ் காப்பீட்டுக்குள் போவதா, விலக்கு வாங்கிக்கொண்டு ஜெர்மன் காப்பீட்டில் இருப்பதா. விலக்கு வாங்கினால் பொதுவாக அந்த வேலை இருக்கும்வரை மாற்ற முடியாது. சுவிஸ் காப்பீட்டில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். சம்பளம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஜெர்மன் பொதுக் காப்பீட்டிலோ வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம், வருமானம் இல்லாத துணையும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றி உள்ளே வருவார்கள். ஆனால் சுவிஸ் முதலாளி இதில் பாதியைத் தர மாட்டார், முழுவதும் உங்கள் தலையில். நம் தம்பியின் சம்பளத்துக்கு, பராமரிப்புக் காப்பீடும் சேர்த்து, மாதம் 1,000 யூரோவைத் தாண்டியது. தனி ஆள், பழைய ஜெர்மன் காப்பீட்டிலேயே தொடர்வதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாலு பேர் கொண்ட வீட்டுக்கு அது நல்ல முடிவாக இருந்திருக்கும்.

நம்மவர்களில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் அலுவலகத்தில் முகவரி பதியும்போது மதம் கேட்கும் கட்டத்தில் எழுதுவதை வைத்து வருமான வரியின்மேல் தேவாலய வரி வரும். பாடன்-வூர்ட்டம்பர்க்கிலும் பவேரியாவிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. மனமுவந்து கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், அது நல்ல காரியம். தெரியாமல் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம்.

இந்தியக் கடவுச்சீட்டோடு ஜெர்மனியில் புளூ கார்டில் (படித்த வெளிநாட்டவருக்கான வேலை, குடியிருப்பு அனுமதி) இருப்பவர்கள் பாசலில் வேலை பார்க்கக் கிளம்பும்முன் இதைக் கவனியுங்கள். எல்லை தாண்டி வேலை செய்வதற்கான ஜி அனுமதிக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள குடிமக்கள் ஜெர்மனியில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றிருக்க வேண்டும், எல்லைப் பகுதியில் குறைந்தது ஆறு மாதம் குடியிருந்திருக்கவும் வேண்டும். வேலை ஒப்பந்தம் கையில் வந்தபின் இது தெரிந்து அழுதவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

வார இறுதியில் லோராக் பக்கம் சின்ன வேலை ஒன்று சேர்த்துக்கொள்ள நினைப்பவர்களும் முதலில் கேட்டுவிட்டுச் சேருங்கள். வேலையிலோ சம்பளத்திலோ கால்பங்கோ அதற்கு மேலோ ஜெர்மனியில் என்றாகிவிட்டால், சுவிஸ் வேலைக்கும் சேர்த்து ஜெர்மன் சமூகக் காப்பீடு பொருந்தும். சுவிஸ் முதலாளி ஜெர்மனியில் பதிந்து கட்ட வேண்டி வரும், அவர் அதை விரும்ப மாட்டார்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். வரித் தாளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவதுதான் இருப்பதிலேயே செலவான வழி. தவணை தாண்டினால் தொடங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீதம் அபராதம் ஏறும். தவணைக்கு முன்பே எழுதிக் கேட்டு, பகுதி பகுதியாகக் கட்ட அனுமதி கிடைத்தால் மாதம் 0.5 சதவீத வட்டியோடு போகும். தாள் வந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபமும் எழுதலாம். வேலை போனாலோ சம்பளம் குறைந்தாலோ முன்பணத்தைக் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். அன்றே அவர் சேமிப்பில் இருந்ததைக் கட்டவைத்து, மீதிக்குக் கடிதம் எழுதி, சம்பளச் சீட்டுகளின் நகலும் வாடகை ஒப்பந்தமும் இணைத்து அனுப்பினோம். எட்டு மாதத் தவணை கிடைத்தது.